பழைய டீசல் லாரி கரும்புகை கக்கினால்: பம்பைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

"பம்பை இறக்கிடுங்க சயா." கரும்புகையோடு பட்டறைக்குள் நுழையும் வண்டியிலிருந்து இறங்குகிற டிரைவர் பெரும்பாலும் முதலில் சொல்வது இதுதான். பர்மாவில், பகோவில் பழைய மண்டலே சாலை ஓரத்தில் அப்பா போட்ட பட்டறையில் நான் வேலை பழகிய நாளிலிருந்து கேட்டுவருகிறேன். பர்மாக்காரர் சயா (வாத்தியாரே) என்பார், நம் ஆட்கள் அண்ணே என்பார்கள், ஆனால் கேட்பது என்னவோ ஒன்றுதான். டீசலை அழுத்தி என்ஜினுக்கு அனுப்பும் அந்தப் பம்பை இறக்கி, ரங்கூனுக்கு அனுப்பி, காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்து வாங்கி மாட்டி, அதன் பிறகும் புகை நிற்காமல் வருகிற வண்டிகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். அந்தப் பணத்தில் ஒரு குடும்பம் ஒரு மாதம் சாப்பிட்டிருக்கலாம்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். காசு செலவில்லாததை முதலில் பாருங்கள், பம்பைக் கடைசியில் பாருங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இதில் வருவதெல்லாம் கம்ப்யூட்டர் இல்லாத, வரிசைப் பம்ப் (சிலிண்டருக்கு ஒன்றாக எலிமென்ட்கள் வரிசையாக நிற்கும் பம்ப்) வைத்த பழைய ஜப்பான் லாரிகளுக்கானது. 1954-ல் கையெழுத்தான போர் இழப்பீட்டு ஒப்பந்தத்தின் வழியாக வந்த ஹினோ குடும்பம் தொடங்கி, பிற்காலத்தில் பழைய வண்டிகளாக இறங்கிய இசுசு, நிசான் டீசல், ஃபூசோ வரை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே.

கறுப்பு ஏன் வருகிறது

கரும்புகை என்பது பாதி எரிந்த டீசலின் கரி. டீசல் உள்ளே போனது, சூடு இருந்தது, தீயும் பிடித்தது, ஆனால் முழுதாக எரியக் காற்று போதவில்லை, அல்லது இருந்த காற்றோடு டீசல் சரியாகக் கலக்கவில்லை. வெள்ளைப் புகை வேறு, அது தீயே பிடிக்காத டீசல் அல்லது தண்ணீர். நீலம் என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. மூன்றையும் குழப்பிக்கொண்டால் தேடல் முழுக்கத் தப்பான பக்கம் போய்விடும்.

ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் டீசலுக்குக் கணக்குப் போட்டால் 10,000 லிட்டர் காற்று. அதுவும் ஏட்டுக் கணக்கு. கலப்பதற்கு நேரமே இல்லாத டீசல் என்ஜினுக்கு அதைவிட அதிகமாகவே வேண்டும், 18 கிலோ 20 கிலோவுக்குக் கீழே இறங்கினாலே புகை காட்டத் தொடங்கும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் அடைத்துப்போன ஒரு ஏர் ஃபில்டர் என்ன செய்யும் என்பது தானாகப் புரியும்.

மண்டலேயிலிருந்து மலையூரான மேமியோ ஏறுகிறவர்களுக்கு இன்னொன்று. மேமியோ 1,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சக்கரம்) இல்லாத வண்டி லோடோடு ஏறும்போது கீழே காட்டாத கறுப்பை மேலே கொஞ்சம் காட்டும். அதை மட்டும் பார்த்துவிட்டு வண்டியைப் பிரிக்க வேண்டாம். பகோ சமவெளியில், சமமான சாலையில், அதே லோடில் பின்னால் வருகிறவர் கண்ணுக்குச் சாலை தெரியாத அளவுக்குக் கக்கினால் அதுதான் கோளாறு.

நம் ஊரில் இது வெறும் டீசல் செலவுப் பிரச்சினை மட்டும் இல்லை. 1970-லிருந்து நாம் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம், வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தான். பின்னால் வருகிற டிரைவர் முந்த வேண்டுமென்றால் தனக்கு எதிர்ச்சாலை தெரியாததால், இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஸ்பேர் பையனின் (வண்டி உதவியாளின்) கண்ணை நம்பித்தான் வெளியே எடுக்கிறார். அந்தப் பையனுக்கு முன்னால் நம் வண்டி ஒரு கறுப்புத் திரையைக் கட்டிவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் உறுதியாகச் சொல்லிவிட்டது. புகைக்குழாய்க்குப் பக்கத்தில் நின்று லோடு இறக்குகிற பிள்ளைகள் நம் பிள்ளைகள்.

புகையைப் படியுங்கள்

ஸ்பேனரை எடுக்கும் முன் அரை மணி நேரம் புகையை மட்டும் பாருங்கள். என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, திறந்த இடத்தில், சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு.

முதலில் ஐடிலில். அப்போதே கறுப்பு வந்தால் சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில் ஒழுகுகிறது, அல்லது பம்ப் ராக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்பி) டீசல் கூடும் பக்கம் சிக்கியிருக்கிறது. அடுத்து, ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதித்து விடுங்கள். ஒரு கறுப்பு உருண்டை வந்து உடனே தெளிந்தால் பழைய என்ஜினுக்கு அது இயல்பு. தெளியாமல் நின்றால் இல்லை. கடைசியாக லோடோடு ஓட்டி, ஸ்பேர் பையனைக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது மிகவும் பயனுள்ள ஒரு கேள்வி: புகை வரும்போது வண்டி இழுக்கிறதா? கறுப்பாகக் கக்கிக்கொண்டே முன்பைவிட நன்றாக இழுக்கிறது என்றால் யாரோ டீசலைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். கறுப்பாகவும் கக்கி, இழுவையும் இல்லை என்றால் காற்றுத் தடை, டைமிங் (டீசல் தூவும் நேரம்) பிந்தியது, நாசில், டர்போ, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் பலம்), இவற்றில் ஒன்று. இந்த ஒரு கேள்வியே பாதித் தேடலைக் குறைத்துவிடும். சீராக இல்லாமல் பொக்… பொக்… என்று தாளம்போல விட்டு விட்டு வந்தால் ஒரே ஒரு சிலிண்டரில் கோளாறு.

பழைய வெள்ளைக் கைலித் துணி ஒன்றை ஒரு கம்பில் கட்டி, புகைக்குழாய் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு நிமிடம் பிடியுங்கள். காய்ந்த கரிப்பொடி, தட்டினால் உதிர்கிறது என்றால் காற்று, டீசல் விவகாரம். பிசுபிசுவென்று எண்ணெயாக ஒட்டினால் ரிங், வால்வு கைடு, டர்போ சீல் பக்கமும் பார்க்க வேண்டும். தேதி எழுதி அந்தத் துணியை எடுத்து வையுங்கள், வேலை முடிந்ததும் ஒப்பிடலாம்.

என்ஜினுக்கு வெளியே

பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிற வண்டியும் புகையும். ஐந்தாறு மைல் ஓட்டி, பிரேக்கை அதிகம் தொடாமல் நிறுத்தி, ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கேதான் பிடிக்கிறது. டயர் காற்று, கூடுதல் லோடு, கியர் இறக்காமல் மேட்டில் மிதித்தே ஏற்றுகிற பழக்கம், இவையும் சேரும். என்ஜின் சுற்று இறங்கிய நிலையில் முழு மிதி மிதித்தால் இந்த வகையில் நல்ல வண்டியும் கறுப்பு விடும்.

காற்று வரும் வழி

காகித ஃபில்டர் என்றால் வெளியே எடுத்து, உள்ளே ஒரு பல்பை எரியவிட்டு, இருட்டில் சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் சீராகக் கசிய வேண்டும். எங்கும் தெரியவில்லை என்றால் அடைப்பு. ஊசிப் புள்ளியாகப் பளிச்சென்று தெரிந்தால் ஓட்டை, அந்த ஓட்டை வழியாக மெய்க்தீலா பக்கத்து மணல் முழுதும் லைனருக்குள் போகும், இரண்டுக்கும் புதுசுதான் மருந்து. காற்று அடித்துச் சுத்தம் செய்வதானால் உள்ளிருந்து வெளியே, சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்துக்கு மேல் வேண்டாம். பெட்ரோலில் கழுவுவது, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மழைக்காலத்தில் ஈரத்தோடு மாட்டுவது இதையெல்லாம் செய்யாதீர்கள். ஆயில் சட்டி வைத்த பழைய ஏர் கிளீனர் என்றால் சட்டியைக் கழற்றி விரலை விடுங்கள். அடியில் சேறு களிபோலக் கிடந்தால் கழுவி, கோடு வரைக்கும் மட்டும் ஆயில் ஊற்றுங்கள், கோட்டுக்கு மேல் ஊற்றினால் என்ஜின் அதை உறிஞ்சிக் குடிக்கும்.

ஃபில்டரோடு விட்டுவிடாதீர்கள். ஃபில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருக்கும், உள்பக்கத்துத் துணித் தட்டு மட்டும் பிய்ந்து நாக்குபோலத் தொங்கும். ஐடிலில் ஒன்றும் தெரியாது, ரேஸ் கூடும்போது காற்று இழுக்கிற வேகத்தில் அந்த நாக்கு எழுந்து வழியை மூடிவிடும். கழற்றி, விரல் விட்டுத் தடவித்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும். நாள்கணக்கில் நின்ற வண்டியில் குழாய் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், எலி வைக்கோல் அடைத்திருக்கும்.

சந்தேகம் தீர, வண்டி நிற்கும்போது மட்டும், தூசி இல்லாத இடத்தில் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ரேஸ் செய்து பாருங்கள். புகை பாதியாகக் குறைந்தால் கோளாறு கிடைத்துவிட்டது.

புகை போகும் வழி

காற்று உள்ளே வருவதைப் பார்க்கிறவர்கள் புகை வெளியே போவதைப் பார்ப்பதில்லை. பின்னால் அடைத்தால் எரிந்த காற்று சிலிண்டருக்குள்ளேயே தங்கும், புதுக் காற்றுக்கு இடம் இருக்காது, பலன் ஒன்றே.

நம் லாரிகளில் பெரும்பாலானவற்றில் எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வழியை மூடி வேகத்தைக் குறைக்கும் பிரேக்) உண்டு. புகைக்குழாய்க்குள் ஒரு வட்டத் தகடு, அதைத் திருப்ப வெளியே ஒரு கை. ஒரு மழைக்காலம் முடிந்து தாட்டோன் பக்கத்திலிருந்து ஆறு சிலிண்டர் ஹினோ ஒன்று வந்தது, அரிசி லோடு அடிக்கிற வண்டி. வேறு இடத்தில் இரண்டு முறை பம்ப் இறக்கி ஏற்றியாகிவிட்டது, நாசில் ஆறும் புதுசு. மேட்டில் இரண்டாம் கியருக்கு மேல் ஏறவில்லை, பின்னால் கறுப்பு மேகம். நான் வண்டிக்கு அடியில் படுத்து அந்தக் கையைப் பிடித்து ஆட்டினேன். ஒரு விரல் அகலம்தான் அசைந்தது. பின்னில் துரு ஏறி, தகடு பாதி மூடிய நிலையிலேயே நின்றிருக்கிறது. குழாயைக் கழற்றிப் பார்த்தால் தகட்டின் ஓரத்தில் கால் அங்குலத்துக்குக் கரி, செதில் செதிலாக, மரப்பட்டைபோல. டீசலில் ஊறவைத்து, சுரண்டி, பின்னைத் தட்டி எடுத்து, மெருகேற்றித் திரும்பப் போட்டோம். ஒரு காலை வேலை. மாலையில் அதே அரிசியோடு அந்த வண்டி நான்காம் கியரில் போனது. வண்டிக்காரர் வாங்கிய கடனில்தான் முன்பு இரண்டு முறையும் பம்ப் இறங்கியது என்று அப்புறம்தான் சொன்னார்.

ஆகவே சுவிட்சைப் போட்டு அணைத்து, கை முழுக்கப் போய் முழுக்கத் திரும்புகிறதா என்று கண்ணால் பாருங்கள். சில வண்டிகளில் எக்ஸாஸ்ட் பிரேக்கோடு சேர்ந்து காற்று வரும் பக்கத்திலும் ஒரு மூடி இருக்கும், அதையும் பாருங்கள். சைலன்சரை ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். உள்ளே கலகலத்தால் தடுப்புத் தகடு விழுந்து வழியை அடைத்திருக்கிறது.

டர்போ இருந்தால்

டர்போவிலிருந்து மேனிஃபோல்டு வரை உள்ள ஹோஸ், கிளிப் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவி ரேஸ் செய்யுங்கள், நுரை கிளம்பினால் காற்று அங்கே ஓடுகிறது. எண்ணெய் கலந்த கரி ஒட்டிய இணைப்பு இருந்தால் அதையே முதலில் சந்தேகப்படுங்கள். என்ஜின் நின்ற பிறகு டர்போ சக்கரத்தை விரலால் சுற்றிப் பாருங்கள், லேசான ஆட்டம் இருக்கலாம், ஆனால் இறக்கை கூட்டில் உரசக் கூடாது.

டேப்பெட்

டேப்பெட் அளவு என்பது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவில் விடும் இடைவெளி. குளிர்ந்த என்ஜினில் ஃபீலர் கேஜ் (அளவுத் தகடு) வைத்து அளவு பாருங்கள். இசுசு 6பிடி1 போன்றவற்றுக்கு 0.40 மி.மீ., சில ஹினோவில் உள்வால்வுக்கும் வெளிவால்வுக்கும் அளவு வேறு. உங்கள் என்ஜின் தகட்டில் எழுதியிருப்பதுதான் சரி. டேப்பெட் மிகவும் இறுகி இருந்தால் வால்வு முழுக்க மூடாது, மிகவும் தளர்ந்தால் முழுக்கத் திறக்காது. ஒரு மணி நேர வேலை, நாசிலைத் தொடும் முன் முடித்துவிடுங்கள்.

நாசில்

எச்சரிக்கை முதலில். நாசில் தூவும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே முள் குத்தினாற்போல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் உடனே இருக்காது, ஆனால் சில மணி நேரத்தில் விரலையே இழக்க நேரலாம். அப்படி ஆனால் கழுவிவிட்டு வேலையைத் தொடராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் அழுத்தத்தோடு ஏறிவிட்டது என்று சொல்லுங்கள். கண்ணாடி போடுங்கள், கையை நாசில் முனைக்கு முன்னால் நீட்டாதீர்கள்.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க: ஐடிலில் ஓடும்போது, ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் பைப்பின் நட்டைத் துணியால் மூடி, ஒவ்வொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். நல்ல சிலிண்டர் என்றால் என்ஜின் சத்தம் உடனே தடுமாறும். தளர்த்தியும் சத்தம் மாறவில்லை, ஆனால் புகை குறைந்தது என்றால் குற்றவாளி அதுதான். அந்த நாசிலைக் கழற்றி வேறு சிலிண்டரில் மாட்டிப் பாருங்கள். கோளாறு நாசிலோடு சேர்ந்து நகர்ந்தால் நாசில். நகராமல் பழைய சிலிண்டரிலேயே நின்றால் வால்வு, ரிங், பம்ப் எலிமென்ட் என்று மேலே போக வேண்டும். காசு செலவில்லாத இந்த மாற்றிப்போடும் சோதனையைப் பலர் செய்வதே இல்லை.

டெஸ்ட் பம்பில் போட்டால் மூன்று விஷயம் பாருங்கள். திறக்கும் அழுத்தம் அந்த நாசிலுக்கு உரியதா (பல பழைய என்ஜின்களில் 180-லிருந்து 220 கிலோ வரை, ஆறும் ஒன்றுபோல இருக்க வேண்டும்), தூவல் பனிபோல இருக்கிறதா அல்லது ஒரு பக்கம் மட்டும் கோடுபோல வருகிறதா, திறக்கும் அழுத்தத்துக்கு 20 கிலோ கீழே பத்து நொடி பிடித்தால் முனையில் சொட்டு கட்டுகிறதா. சொட்டு கட்டினால் அந்தச் சொட்டுத்தான் கரும்புகை.

மாட்டும்போது செப்பு வாஷர். பழைய வாஷர் பல நேரம் நாசிலோடு வராமல் குழிக்குள்ளேயே கரியோடு ஒட்டிக் கிடக்கும், மேலே பார்த்தால் குழியின் அடிபோலவே தெரியும். அதன்மேல் புது வாஷரைப் போட்டு இறுக்கினால் நாசில் முனை உயர்ந்துவிடும், டீசல் பிஸ்டன் கிண்ணத்தில் விழ வேண்டிய இடத்தில் விழாது. புது நாசில் போட்டதும் புகை அதிகமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் டார்ச்சைக் குழிக்குள் அடித்து வாஷரைத்தான் எண்ணுவேன்.

டீசல் ஃபில்டர் அடைத்தால் கரும்புகை வராது. டீசல் குறைந்தால் இழுவை குறையும், அவ்வளவுதான். ஃபில்டரை மாற்றினேன் இன்னும் புகை நிற்கவில்லை என்று வருந்த வேண்டாம். ரோட்டோர டிரம்மில் வாங்கிய டீசல்மேல் சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஓர் இரவு வைத்துப் பாருங்கள், அடியில் தண்ணீரோ சகதியோ பிரிந்து தெரியும்.

டைமிங்

டைமிங் பிந்தினால் டீசல் எரிந்து முடிவதற்குள் வால்வு திறந்துவிடும். என்ஜின் சத்தம் மிருதுவாக, சூடு அதிகமாக, காலையில் வெள்ளையும் சூடேறிய பிறகு கறுப்புமாகப் புகை வந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். முதலில் பம்ப் முகத்தில் உள்ள கோடும் என்ஜினில் உள்ள கோடும் நேராக இருக்கிறதா, கப்ளிங் போல்ட் தளர்ந்து நகர்ந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அளக்க: முதல் சிலிண்டர் கம்ப்ரஷனுக்கு வரும்படி என்ஜினைக் கையால் சுற்றுங்கள். அதன் பைப்பைப் பம்ப் பக்கத்தில் கழற்றி, ஆக்சிலேட்டரைத் திறந்து வைத்து, வாயில் நிற்கும் டீசலை மட்டமாக ஊதிவிடுங்கள். பிறகு ஓடும் திசையிலேயே மெதுவாக, மயிரிழை மயிரிழையாகச் சுற்றுங்கள். வாயில் நிற்கும் டீசல் நடுங்கி எழும்புகிற அந்தக் கணத்தில் நிறுத்தி, புல்லியில் அல்லது ஃபிளைவீலில் டிகிரியைப் பாருங்கள். மூன்று முறை அளந்து மூன்றும் ஒத்துவந்தால்தான் நம்புங்கள். தகட்டில் உள்ளதைவிடப் பிந்தியிருந்தால் பம்பைக் கொஞ்சம் சாய்த்து மறுபடி அளக்க வேண்டும்.

கம்ப்ரஷன்

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து ஐடிலில் பாருங்கள். லேசான ஆவி பரவாயில்லை, குப்குப்பென்று மூடியைத் தூக்கிவிடுகிற அளவுக்கு வந்தால் ரிங், லைனர் தேய்ந்திருக்கிறது. கேஜ் வைத்து அளந்தால் சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இங்கே அடி வாங்கிய என்ஜினுக்குப் புது நாசிலும் பம்பும் போடுவது வீண் செலவு, மெஷின் ஷாப்புக்குத்தான் போக வேண்டும்.

கடைசியாகப் பம்ப்

பழைய சிறிய வண்டிகள் சிலவற்றில் காற்றால் இயங்கும் கவர்னர் (என்ஜின் சுற்றைக் கட்டுக்குள் வைக்கும் பாகம்) இருக்கும். மேனிஃபோல்டு வாயிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் பம்பின் பின்பக்கத்துக்குப் போகும், உள்ளே ஒரு தோல் டயாஃப்ரம். ஹோஸ் வெடித்தாலோ தோல் கிழிந்தாலோ ராக் முழு டீசல் பக்கம் ஓடிவிடும், கரும்புகையும் கட்டுக்கு அடங்காத ரேஸும் வரும். சோதிக்க, என்ஜினை நிறுத்தி, ராக்கை ஸ்டாப் பக்கம் தள்ளிப் பிடித்து, ஹோஸ் மாட்டும் வாயை விரலால் இறுக அடைத்துக்கொண்டு ராக்கை விடுங்கள். நல்ல தோல் என்றால் சற்று நகர்ந்து, விரலை இழுத்துப் பிடித்தபடி நிற்கும். தங்காமல் ஓடிவிட்டால் தோல் போய்விட்டது. கவர்னரில் கை வைக்கும்போது ஏர் வாயை மூட ஒரு பலகையைப் பக்கத்தில் வைத்திருங்கள், என்ஜின் கையை மீறி ஓடினால் அதை வைத்து மூடித்தான் நிறுத்த முடியும்.

டீசலின் உச்ச அளவை நிறுத்தும் முழு லோடு ஸ்க்ரூவுக்கு ஈய சீல் இருக்கும். சீல் அறுந்து, ஸ்க்ரூவில் புதிதாகப் பளபளக்கும் மரை தெரிந்தால் யாரோ இழுவைக்காகக் கூட்டியிருக்கிறார்கள். அது சூட்டை ஏற்றிப் பிஸ்டனையும் ஹெட்டையும் தின்னும். இருக்கும் நிலையைப் பெயிண்ட் கோடு போட்டுக் குறித்துக்கொண்டு, கால் சுற்றுக் குறைத்து, லோடோடு ஓட்டிப் பாருங்கள். அதிகபட்ச ரேஸ் ஸ்க்ரூவும் அருகிலேயே இருக்கும், இரண்டையும் மாற்றித் தொட்டுவிடாதீர்கள். இதற்கும் அடங்காத பம்ப் என்றால், ஆம், இப்போது இறக்கலாம், டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் பம்ப் சயாவிடம்தான் கொடுக்க வேண்டும், பட்டறை மேசையில் பிரிக்கிற சாமான் இல்லை அது.

எந்த இடத்தில் கோளாறு பிடிபட்டாலும், சரி செய்ததும் என்ஜின் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். நெடுநாள் புகைந்த வண்டியில் கரி முழுதும் ஆயிலில் கலந்திருக்கும், ஒழுகின நாசில் என்றால் டீசலும் கலந்து ஆயில் தண்ணீராகியிருக்கும், டிப்ஸ்டிக்கை மூக்கருகே வைத்தால் வாசனை தெரியும். பிறகு வழக்கமான லோடு, வழக்கமான மேடு, அதே கியர். முதல் பத்து மைலுக்குச் சைலன்சரில் தங்கிய பழைய கரி உதிர்ந்து கறுப்பு வரும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். திரும்பி வந்ததும் இன்னொரு வெள்ளைத் துணியை அதே ஒரு சாண் தூரத்தில் ஒரு நிமிடம் பிடித்து, முதல் துணியின் பக்கத்தில் விரித்து வையுங்கள்.